பத்தாம் வகுப்புக்கும் பாலிடெக்னிக்குக்கும் நடுவே ஆறு வாரம்

தொழில்நுட்பக் கல்வி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து எழுதுகிறேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார் வெளிவந்த பிறகு இந்த வட்டாரம் மாறிய வேகம் உங்களுக்குத் தெரியும். ரெனோ நிஸான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ், சாம்சங், ஃபாக்ஸ்கான் என்று சுங்குவார்சத்திரம் முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்துவிட்டன. விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் அவற்றில் ஏறுகிறார்கள். டிப்ளமா படிக்கப் போய், கணக்கில் அரியர் விழுந்து, சான்றிதழ் கைக்கு வராமலே காண்ட்ராக்டில் சேர்ந்துவிட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் சேரும் மாணவர்களுக்கு, பாடம் தொடங்குவதற்கு முன் ஆறு வாரம், கணக்கும் அறிவியலும் மட்டும், தமிழில், தீவிரமாகச் சொல்லித்தரும் ஆயத்த வகுப்பு வேண்டும். அது கல்லூரி முதல்வரின் நல்ல மனத்தை நம்பி நடப்பதாக இருக்கக் கூடாது. உங்கள் இயக்ககத்தின் கல்வி நாட்காட்டியில், மணிநேரக் கணக்கோடும் ஆசிரியர் ஊதியத்தோடும் இடம்பெற வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதற்கு உங்கள் பாடத்திட்டமே சாட்சி. பத்தாம் வகுப்பில் 35 மதிப்பெண் எடுத்த மாணவரும் பாலிடெக்னிக்கில் சேரலாம். சேரத்தான் வேண்டும், அந்தக் கதவு திறந்திருப்பதுதான் பாலிடெக்னிக்கின் பெருமை. ஆனால் உள்ளே வந்த முதல் ஆண்டுக்குள்ளேயே அணிக்கோவை, முக்கோணவியல், வகையிடல், தொகையிடல் என்று பாடம் ஓடுகிறது. அவர் வகுப்புத் தோழர் மேல்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டு எடுத்துப் படிப்பதை இவர் சில மாதங்களில், பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகத்தில், கூடவே பட்டறையும் வரைபடமும் பார்த்துக்கொண்டு படிக்க வேண்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு முதல் மாதம் சொற்களைப் புரிந்துகொள்வதிலேயே கழிகிறது. அதற்குள் முதல் உள்தேர்வு வந்துவிடுகிறது.

இதோடு கொரோனா சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. பள்ளி மூடியபோது ஐந்தாம் வகுப்பில் இருந்த குழந்தை ஆறாம் வகுப்பை முழுதாகவும் ஏழாம் வகுப்பில் பாதியையும் இழந்தது. விகிதம், விகிதசமம், பின்னம், முழுக்கள், நேர் விகிதம், எதிர் விகிதம் எல்லாம் அந்த இரண்டு வகுப்புகளில்தான் இருக்கின்றன. அந்தக் குழந்தை பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக் வாசலில் நின்ற ஆண்டு 2025. இன்னும் சில ஆண்டுகளுக்கு இதே காயத்தோடுதான் மாணவர்கள் உங்களிடம் வருவார்கள். எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் யாராவது அந்த ஓட்டையை அடைத்திருப்பார்கள் என்று நம்புவது நியாயமில்லை. அங்கே இருந்த ஆசிரியர்களுக்குப் பொதுத்தேர்வுப் பாடத்தை முடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

கணக்கு இங்கே எதற்கு உதவுகிறது என்று ஒரு லேத் பக்கத்தில் நின்றால் தெரியும். ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் ஒரு சின்ன யூனிட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு முனையில் 50 மில்லிமீட்டர் விட்டம், மறு முனையில் 40, இடையில் நீளம் 100. டேப்பர் டர்னிங் வேலை. காம்பவுண்ட் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்? விட்டங்களின் வித்தியாசத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 0.05. டான் மதிப்பு 0.05 ஆக இருக்கும் கோணம் 2 டிகிரி 52 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. லேத்தில் நின்ற பையனுக்கு அந்தக் கோணம் மனப்பாடம். சூப்பர்வைசர் சொல்லிவைத்தது. கைவேலையும் சுத்தம், மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிறான். அடுத்து வந்த டிராயிங்கில் 50, 38, நீளம் 120. பையன் மெஷினை நிறுத்திவிட்டு சூப்பர்வைசரைத் தேடிப் போனான். வித்தியாசம் 12, நீளத்தின் இரண்டு மடங்கு 240, விடை அதே 0.05. ஸ்லைடைத் தொடவே தேவையில்லை. அந்த ஒரு வகுத்தலைப் பத்தாம் வகுப்பு முக்கோணவியலோடு சேர்த்துப் பார்க்க யாராவது கற்றுக்கொடுத்திருந்தால் அவன் போயிருக்க மாட்டான். அறிவில்லாத பையன் அல்ல அவன். அவன் படித்த கணக்கும் அவன் செய்யும் வேலையும் ஒரே அறையில் சந்திக்கவே இல்லை, அவ்வளவுதான்.

அவன் ஐ.டி.ஐ. முடித்தவன். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்ற நல்ல விதி இருக்கிறது. ஆனால் அந்த விதி அவர்களை முதலாண்டுக் கணக்கும் இயற்பியலும் படிக்காமலே இரண்டாம் ஆண்டு வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைக்கிறது. ஐ.டி.ஐ.யில் பணிமனைக் கணக்கு படித்திருப்பார்கள். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கத் தெரியும். வகையிடலைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பொருள்களின் வலிமை, திரவ இயக்கவியல் பாடங்களில் ஆசிரியர் கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போது, வகுப்பிலேயே மெஷினை நன்றாகத் தெரிந்தவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆயத்த வகுப்பு முதலில் தொடங்க வேண்டியது இவர்களிடமிருந்துதான்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தும் திட்டத்தில் ரோபோவும் சி.என்.சி.யும் வந்திருக்கின்றன. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பாலிடெக்னிக் மாணவர்களையும் எட்டியிருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மெஷின் வந்தாயிற்று, பணமும் வருகிறது. ரோபோவின் கை எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட ஆயத்தொலைவும் கோணமும் தெரிய வேண்டுமே, அதைச் சொல்லித்தர மட்டும் இன்னும் நேரம் ஒதுக்கவில்லை. பள்ளி ஒரு துறை, ஐ.டி.ஐ. இன்னொரு துறை, பாலிடெக்னிக் உங்கள் துறை. மூன்றுக்கும் நடுவில் விழுந்த மாணவனை எந்தத் துறையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

கம்பெனிகளே பயிற்சி தருகின்றனவே என்று சிலர் சொல்வார்கள். தருகின்றன, தங்கள் லைனுக்குத் தேவையான அளவுக்கு. 2006இல் இங்கே உற்பத்தி தொடங்கிய நோக்கியா 2014 நவம்பரில் ஆலையை மூடியது. ஆயிரக்கணக்கானவர்கள், அதிலும் பெண்கள் பெரும்பாலோர், ஒரு குறிப்பிட்ட லைனில் குறிப்பிட்ட வேலையில் தேர்ந்தவர்களாக வெளியே வந்தார்கள். அந்த வேலை அந்த ஆலையோடு போயிற்று. அதே வளாகத்துக்குப் பின்னாளில் சால்காம்ப் வந்து சார்ஜர் செய்யத் தொடங்கியது, இயந்திரங்கள் மாறின, பொருளும் மாறியது. ஓம் விதியும் வரைபடம் படிக்கும் பழக்கமும் தெரிந்தவர் எந்தக் கேட்டுக்குள்ளும் நுழையலாம். அந்த அடிப்படையைத் தருவது கம்பெனியின் கடமை என்று நாம் விட்டுவிட முடியாது. அது கல்லூரியின் வேலை.

ஆயத்த வகுப்பு என்றால் மட்டமானவர்களுக்கான வகுப்பு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஐ.ஐ.டி.க்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். நுழைவுத்தேர்வில் கொஞ்சம் பின்தங்கிய பட்டியலினத்து, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஓராண்டு இயற்பியல், வேதியியல், கணிதம் சொல்லித்தந்து, தேறியவர்களை மறு ஆண்டு பி.டெக்.கில் சேர்த்துக்கொள்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். படிப்பில் நான்கு வாரம் பாடம் நடத்திவிட்டுத்தான் தகுதித் தேர்வே வைக்கிறார்கள். முதலில் கற்றுக்கொடு, பிறகு சோதித்துப் பார் என்பது எவ்வளவு நேர்மையான முறை! சிங்கப்பூரில் 2013 முதல் பாலிடெக்னிக்குகளிலேயே ஓராண்டு அடித்தளப் படிப்பு நடக்கிறது.

எதைச் செய்யக் கூடாது என்பதற்குக் கலிஃபோர்னியா நல்ல பாடம். அங்கே சமுதாயக் கல்லூரிகளில் கணக்கில் பின்தங்கியவர்களைப் பல பருவங்கள் அடிப்படை வகுப்பிலேயே உட்காரவைத்தார்கள். நிறையப் பேர் உண்மையான பாடத்தைத் தொடாமலே கல்லூரியை விட்டுப் போனார்கள். 2017இல் சட்டம் போட்டு அதை மாற்றி, மாணவரை நேராகக் கல்லூரிப் பாடத்தில் சேர்த்து, பக்கத்திலேயே துணைவகுப்பு தரும் வழிக்குப் போனார்கள். அதனால்தான் தனியாக ஓர் ஆண்டு கேட்காமல் ஆறு வாரம் கேட்கிறேன். பிறகு முதல் பருவம் முழுக்க வாரத்துக்கு இரண்டு மணிநேரம் துணைவகுப்பு. வீட்டுக் கஷ்டத்தில் இருக்கும் பிள்ளையிடம் இன்னோர் ஆண்டைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

அந்த ஆறு வாரம் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ.) வகுத்த தொடக்கப் பயிற்சி ஒன்று இருக்கிறது. யோகா, கலை, விழுமியம், பெரியவர்களின் சொற்பொழிவு எல்லாம் நல்லவைதான், ஆனால் பின்னம் தெரியாத பையனுக்கு அவை பின்னத்தைத் தருவதில்லை. நான் கேட்பது நாளொன்றுக்கு மூன்று மணிநேரம், மொத்தம் 90 மணிநேரம். முதல் நாள் மதிப்பெண் இல்லாத ஒரு சோதனை, தமிழில், எந்த மாணவருக்கு எது தெரியவில்லை என்று ஆசிரியர் அறிந்துகொள்ள மட்டும். பிறகு பின்னமும் விகிதமும் சமன்பாடும் வரைபடமும் கோணமும் அலகுகளும். காலையில் போட்ட கணக்கை மதியம் பட்டறையில் அளந்து பார்க்க வேண்டும். வெர்னியரில் 50 கோடும் பிரதான அளவில் 49 மில்லிமீட்டரும் ஏன் பொருந்துகின்றன என்று கையில் வைத்துப் பார்க்கும் மாணவனுக்கு 0.02 என்ற மீச்சிற்றளவை யாரும் மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. இங்கிருந்து பின்னம் தானாகவே புரியத் தொடங்கும்.

இன்னொன்று, தனித்தனியாக உட்காரவைக்காதீர்கள். 1970களின் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், நன்றாக உழைத்தும் நுண்கணிதத்தில் தோற்ற கறுப்பின மாணவர்களைக் கவனித்தார். அவர்கள் ஒவ்வொருவரும் தனியாகப் படித்தார்கள். தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து படித்தார்கள். டிரைஸ்மன் எளிய கணக்குகளைக் கொடுத்துக் கறுப்பின மாணவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, நான்கைந்து பேராகச் சேர்ந்து வாதாடி விடை கண்டுபிடிக்கவைத்தார். அந்தப் பயிலரங்குக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். நம் பிள்ளைகளுக்கும் இரக்கத்தைவிட இந்த மரியாதைதான் தேவை.

நடைமுறைத் தடைகள் எனக்கும் தெரியும். ஐ.டி.ஐ. முடித்த கையோடு பையன் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடுவான், வகுப்புக்கு வா என்றால் அந்தச் சம்பளம் போகும். ஆகவே உதவித்தொகை முதல் பருவத்திலிருந்து அல்ல, ஆயத்த வகுப்பு தொடங்கும் நாளிலிருந்தே வர வேண்டும். இலவசப் பஸ் பாஸும் அன்றே கையில் இருக்க வேண்டும். மதியச் சாப்பாடு போடுங்கள். பகுதிநேர விரிவுரையாளர்களை வைத்து நடத்துவதானால் அவர்களுக்கு அந்த 90 மணிநேரத்துக்கும் ஊதியம் கொடுங்கள். பத்தாம் வகுப்பு முடிவு மே மாதமே வந்துவிடுகிறது, முதலாண்டு சேர்பவர்களுக்குக் காலம் இருக்கிறது. தாமதமாகச் சேர்பவர்களுக்கு முதல் பருவத்தின் தொடக்கத்தை ஒதுக்கித் தரலாம், அதற்காகப் பருவத்தேர்வு இரண்டு வாரம் தள்ளிப்போனால் யாருக்கும் குறையில்லை.

ஒரேயடியாக எல்லாக் கல்லூரிகளிலும் தொடங்க முடியாதென்றால், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் சேரும் மாணவர்களோடும், மாநிலம் முழுக்க நேரடி இரண்டாம் ஆண்டில் சேரும் ஐ.டி.ஐ. மாணவர்களோடும் தொடங்குங்கள். கூடவே ஒவ்வொரு பருவமும் முதலாண்டுக் கணக்கிலும் இயற்பியலிலும் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு அரியர் என்பதைக் கல்லூரிவாரியாக வெளியிடுங்கள். ஆயத்த வகுப்பு பலன் தந்ததா இல்லையா என்று பெற்றோரும் ஆசிரியரும் அதில் பார்த்துக்கொள்வார்கள். பலன் இல்லையென்றால் அதையும் பொதுவில் சொல்லி வழியை மாற்றுங்கள்.

அடுத்த சேர்க்கை அறிவிப்பு வருவதற்கு முன் இதற்கான அரசாணை வர வேண்டும் என்று இந்த வட்டாரத்துப் பெற்றோர் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு குடிமகன்