ஊசியெல்லாம் ஒன்றல்ல!



பால் கொட்டகைக்கு இரண்டு வாளிகள் வந்து நிற்கின்றன. இரண்டிலும் பத்துப் பத்து லிட்டர். ஒன்றில் இருப்பது கெட்டிப் பால். மற்றொன்றில் இருப்பது மழைநீர் விழுந்த பால். இரண்டுக்கும் ஒரே கணக்கை எழுதுகிற கிராணியை நீங்கள் சும்மா விடுவீர்களா? "மெட்ரோலக்கைப் போட்டுப் பார்த்து எழுதுங்கள், கிராணியாரே!" என்று மேசையைத் தட்டிக் கேட்பீர்கள். கேட்பதுதான் நியாயம். அளவு வேறு, உரம் வேறு என்பதைப் பால்மரத் தொழிலாளியைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆனால் அதே நியாயத்தை நம் உடம்புக்குள் போகும் மருந்துக்கு நாம் கேட்பதில்லை. இந்தக் குற்றத்தில் முதல் குற்றவாளி, தராசுக்குப் பக்கத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் நின்று கணக்கெழுதிவரும் நானேதான். நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தோ பாயோவில் நடந்தது

எனது பெரியம்மா ஜொகூர்த் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி லயங்கள் இடிபட்ட பின், சிங்கப்பூர் தோ பாயோவில் மகளுடைய அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறார். காலையில் லோரோங் 8-இல் உள்ள ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆலயத்துக்கு நடந்து போய் வருவார். இனிப்புநீர் அவரைப் பிடித்துப் பல வருஷங்கள் ஆகின்றன. தினமும் பசியாறுவதற்கு முன் 16 யூனிட் இன்சுலினைத் தம் கையாலேயே போட்டுக்கொள்வார்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தபோது அவரிடம் ஊசி தீர்ந்திருந்தது. தமிழகம் போய் வந்த உறவினர் ஒருவர், விலை மலிவென்று ஒரு கட்டு ஊசி வாங்கி வந்து அன்போடு கொடுத்திருந்தார். பெரியம்மா அதை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, எப்பவும் போடுற ஊசிக்கு ஆரஞ்சு மூடி இருக்கும். இது செவப்பா இருக்கே, போடலாமாய்யா?"

நான் அதை மேலோட்டமாகப் பார்த்தேன். "ஊசியெல்லாம் ஒண்ணுதான் பெரியம்மா. பதினாறு கோடு வரைக்கும் இழுத்துப் போடுங்க" என்றேன்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை; கை நடுக்கம்; பேச்சுக் குழறல். மகள் சீனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆம்புலன்சுக்குச் சொல்லியனுப்பினாள். இரண்டு இரவுகள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, அம்மன் புண்ணியத்தில் பெரியம்மா வீடு திரும்பினார்.

பிறகு பலதுறை மருந்தகத்துத் தாதி ஒருவர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். "வீட்டுல போடுற ஊசியையும் மருந்தையும் கொண்டாங்கம்மா. எனக்கு முன்னால இழுத்துக் காட்டுங்க" என்றார் அவர். சிவப்பு மூடியைப் பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறியது.

கணக்கு எங்கே பிசகியது?

தமிழகத்திலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் இரு வகை இன்சுலின் புட்டிகள் விற்கின்றன. ஒன்று யு-40, அதாவது ஒரு மி.லி.-யில் 40 யூனிட். மற்றொன்று யு-100, ஒரு மி.லி.-யில் 100 யூனிட். முதலாவதற்குச் சிவப்பு மூடி ஊசி, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. பெரியம்மாவுக்கு மருந்தகம் கொடுத்த புட்டி யு-100.

சிவப்பு மூடி ஊசியில் 16-ஆம் கோடு வரை இழுத்தால் வருவது 0.4 மி.லி. புட்டி யு-40 என்றால் அது 16 யூனிட், தவறில்லை. புட்டி யு-100 என்றால் அதே 0.4 மி.லி.-யில் இருப்பது 40 யூனிட்! இரண்டரை மடங்கு மருந்து என் பேச்சைக் கேட்டதால் அந்த உடம்புக்குள் போயிற்று.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஊரிலிருந்து யு-40 புட்டியை வாங்கி வந்து, நம்மிடமுள்ள ஆரஞ்சு மூடி ஊசியில் 16 கோடு இழுத்தால், உள்ளே போவது 6 யூனிட்டும் சில்லறையும்தான். அன்றைக்கு மயக்கம் வராது. ஆனால் சர்க்கரை நாள்தோறும் ஏறிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அரித்துவிடும்.

மெட்ரோலக் பார்க்காமல் ஒரு நாளும் கணக்கெழுதாத நான், பெரியம்மாவின் ஊசியில் அந்த எண்ணைப் பார்க்கத் தவறினேன். ஆகவே முதல் விதி இதுதான்: புட்டியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். எழுத்துத் தெரியாதவர் பிள்ளைகளிடம் காட்டிக் கேட்கட்டும்.

இது ஒரு வீட்டுக் கதையா?

இல்லை, தோழர்களே! சிங்கப்பூர் அரசாங்கம் 2016-இல் நீரிழிவின் மீது போர் என்றே அறிவித்தது. மறு ஆண்டு தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு இந்நோய் உண்டென்று சொன்னார். மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரை மட்டும் தனியே எடுத்தால் 31.4 விழுக்காடு. நம்மில் மூவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்! பெரட்டுக்கு நிற்கும் வரிசையை ஒருமுறை கண்ணால் எண்ணிப் பாருங்கள், விளங்கும்.

அவர்களில் ஊசி போடவேண்டியவர்கள் பலர் போடுவதில்லை. காரணம் கேட்டால், "வலிக்குதுங்க" என்கிறார்கள். "ஊசி என்றால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்று அதிகாரம் செய்பவர்களும் நம்மிடையே உண்டு. அது தவறான புத்திமதி. வலிக்கிற ஊசியைப் பத்து நாள் போடுவார், பதினோராம் நாள் மறப்பார், பிறகு நிறுத்திவிடுவார். ஆகவே வலியில்லாத ஊசியைக் கேட்பது சொகுசு அல்ல. வைத்தியம் நிலைப்பதற்கு அதுதான் வழி.

உளி பிடித்த கைக்குத் தெரியாததா?

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பின்னர் 1888-இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். அந்த முறையின் உயிர் என்ன? ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்தால் உளி மரத்தைக் காயப்படுத்தும். காயம் பட்ட இடத்தில் முண்டு கட்டும். பிறகு அங்கே வெட்டமுடியாது. இன்சுலின் ஊசியின் சாஸ்திரமும் அச்சாக இதுவே.

இன்சுலின் போய்ச் சேரவேண்டிய இடம், தோலுக்கும் தசைக்கும் நடுவில் உள்ள கொழுப்பு. பெரியவர்களின் தோல் சுமார் 2 மி.மீ. கனந்தான், ஒல்லியானவர், பருமனானவர் என்று அதில் பெரிய வேற்றுமை கிடையாது. 2015-இல் ரோம் நகரில் 54 நாடுகளிலிருந்து 183 நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். பேனா ஊசிக்கு 4 மி.மீ. நீளமே பெரியவர் எவருக்கும் போதும் என்பது அவர்கள் பரிந்துரை. புட்டியிலிருந்து இழுக்கும் சிரிஞ்சில், புட்டியின் ரப்பர் மூடியைத் துளைத்து மருந்தை எட்டவேண்டியிருப்பதால், குறைந்த நீளம் 6 மி.மீ. அதற்கு மேல் 8 மி.மீ., 12.7 மி.மீ. என்றும் விற்கிறார்கள். நீள ஊசி தசைக்குள் போனால் வலியும் அதிகம். மருந்தும் விரைந்து கலந்து சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். சிரிஞ்சில் போடுபவர்கள் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துப் போட்டால் அந்த அபாயம் குறையும்.

ஊசியின் கனத்துக்கும் ஓர் எண் உண்டு. அதைக் கேஜ் என்பார்கள். இந்த எண் ஏற ஏற ஊசி மெலியும். 29 என்றால் சுமார் 0.33 மி.மீ.; 31 என்றால் சுமார் 0.25 மி.மீ. முடிந்தவரை மெல்லியதைக் கேளுங்கள்.

குழாயின் பருமனும் முக்கியம். ஒரு வேளைக்கு 30 யூனிட் வரை போடுபவருக்கு 0.3 மி.லி. குழாய், 50 வரை 0.5 மி.லி.; அதற்கு மேல் 1 மி.லி. பெரிய குழாயில் பெரும்பாலும் ஒரு கோட்டுக்கு இரண்டு யூனிட்; சிறியதில் ஒரு கோட்டுக்கு ஒன்று. பழைய வழக்கப்படி கோடு எண்ணினால் கணக்குத் தப்பும். பார்வை மங்கியவருக்குக் கோடு விலகி நிற்கும் சிறிய குழாயே உகந்தது.

உளியை நாள்தோறும் தீட்டுகிறீர்கள். மழுங்கிய உளியால் எவரும் நிரைக்குள் இறங்குவதில்லை. ஊசியைத் தீட்டமுடியாது. ஆகவே ஒருமுறை போட்டதும் அதன் வேலை முடிந்தது. காசை எண்ணி ஒரே ஊசியை ஒரு வாரம் வைத்துப் போடுபவர்கள் உண்டு. முனை மழுங்கி வலி கூடுவதோடு, தோலும் கெடும். பட்டையில் வெட்டும் இடத்தை மாற்றுவதுபோல் ஊசி போடும் இடத்தையும் நாள்தோறும் ஒரு விரற்கடை தள்ளவேண்டும். வயிறு, தொடை, பிட்டம், மேற்கை ஆகியவை ஏற்ற இடங்கள். ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் முண்டு கட்டும். அங்கே வலி தெரியாது. அதனாலேயே பலர் அங்கேயே குத்துகிறார்கள். ஆனால் அங்கே போகும் மருந்து ஒரு நாள் வேலை செய்யும். மறு நாள் செய்யாது.

இன்னும் இரண்டொரு சொல். குளிர்ந்த மருந்து எரிச்சல் தரும். உபயோகத்தில் உள்ள புட்டியைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தால் சற்று முன்பே வெளியில் எடுத்து வையுங்கள். ஸ்பிரிட் தடவினால் அது காய்ந்த பின் குத்துங்கள். போட்ட ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் மூடி அப்புறப்படுத்துங்கள். லயத்துச் சாக்கடையில் எறிந்தால் குழந்தையின் காலில் ஏறும். அடுக்குமாடிக் குப்பைக் குழாயில் போட்டால் துப்புரவுத் தோழரின் கையில் ஏறும்.

விடிகாலை வேலையும் ஊசியும்

மரம் வெட்டுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இருட்டில் எழுந்து, அவசரமாகத் தொடையில் ஊசி போட்டு, பசியாறாமல் பெரட்டுக்கு ஓடி, நிரை நிரையாக நடந்தால் என்ன ஆகும்? நடக்கும் காலில் போட்ட மருந்து விரைந்து கலக்கும், வயிற்றில் சோறில்லை, நடுத் தீம்பாரில் மயக்கம் வரும். வேலை நாளில் வயிற்றில் போடுவது நல்லது. பையில் சீனியோ மிட்டாயோ இருக்கட்டும். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உளியைக் கீழே வைத்துவிட்டு மூன்று தேக்கரண்டி சீனி சாப்பிட்டு உட்காருங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் சாப்பிடுங்கள். பக்கத்து நிரைக்காரருக்கு உங்கள் நோய் தெரிந்திருக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சங்கம் கேட்கவேண்டியவை

மலேசியாவின் 1990-ஆம் ஆண்டு 446-ஆம் சட்டம் தொழிலாளரின் வீட்டைப் பற்றி மட்டுமின்றி மருத்துவ வசதியைப் பற்றியும் பேசுகிறது. அதன் பேரில் நாம் நிர்வாகத்திடம் மூன்று விஷயங்களைக் கேட்கவேண்டும்.

ஒன்று: தோட்டத்து மருந்தகத்தில் குட்டையான, மெல்லிய ஊசி, புட்டிக்குப் பொருந்தும் எண்ணோடு, போதிய அளவில் இருக்கவேண்டும்.

இரண்டு: ஊசியைக் கையில் திணித்து அனுப்புவது வைத்தியமாகாது. இன்சுலின் போடும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருந்தக ஊழியர் முன் இழுத்துப் போட்டுக் காட்டவேண்டும். தோ பாயோவில் உயிரைக் காத்தது அந்த ஒரு கேள்விதான்.

மூன்று: ஊசி போடுபவர் பசியாறிவிட்டு நிரைக்குப் போக நேரம் தரவேண்டும், அதற்காகப் பெயர் வெட்டக் கூடாது.

நிர்வாகத்தைக் கேட்கும்போது நம்மையும் கேட்டுக்கொள்வோம். படித்த கிராணிமாரே! உங்கள் லயத்தில் யார் யார் ஊசி போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் புட்டியையும் ஊசியையும் வாங்கி எண்ணைப் பாருங்கள். எண் பொருந்தாவிட்டால், போடவேண்டாமென்று சொல்லி, அன்றே மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊசியையோ அளவையோ நாமாக மாற்றக்கூடாது. டாக்டரோ தாதியோ சொல்லட்டும்.

பெரியம்மா இப்போது நலம். போன மாதம் போனபோது புதுக் கட்டு ஊசியை என் கையில் கொடுத்து, "படிச்சவன்தானே, இந்தத் தடவை நம்பரைப் பாத்துச் சொல்லு" என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தேன்.