முற்பதிவுக்கு அவசரம் என்ன?

‘டோன் ஒஃப் வோர்’ கணினி விளையாட்டின் நான்காம் பாகம் வரவிருப்பதாக 2025 ஓகஸ்டில் ஜேர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் அறிவித்தார்கள். 2026இல் வெளியீடு என்றும் சொன்னார்கள். அன்றிலிருந்து நல்லூர்ப் பக்கத்து இளைஞர் சிலருக்கும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் அவர்களது மச்சான்மாருக்கும் இதே பேச்சுத்தான். ஐம்பதைத் தாண்டிய எனக்கும் ஆவல் உண்டு, மறைக்கவில்லை. ஆனால், வெளிவருமுன்னரே காசு கட்டி வைப்பதற்கு நான் உடன்பாடானவன் அல்லன். நீங்களும் கட்ட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொலைதூர எதிர்காலத்தில் கோள்களுக்காக நடக்கும் போர் இது. 2004இல் ரெலிக் நிறுவனம் உருவாக்கிய முதற்பாகத்தில் தளம் அமைத்து, நிலம் பிடித்து, படை திரட்ட வேண்டும். 2009இல் வந்த இரண்டாம் பாகம் தளம் அமைப்பதைப் பெரும்பாலும் கைவிட்டுச் சிறு குழுக்களை நம்பியது. 2017 ஏப்ரலில் வந்த மூன்றாம் பாகம் இரு சாராரையும் திருப்திப்படுத்தப் போய் இருவரையும் இழந்தது. 2018 பெப்ரவரியில், ஓர் ஆண்டுகூட நிறையாத நிலையில், அதற்கு இனிப் புதிய உள்ளடக்கம் எதுவும் வராது என்று அறிவித்துவிட்டார்கள். முற்பதிவு செய்தவர்களுக்கு எஞ்சியது அவ்வளவுதான்.

நான்காம் பாகத்தை ரெலிக் செய்யவில்லை. பிரேமன் நகரின் கிங் ஆர்ட் நிறுவனம் செய்கிறது. 2020இல் ‘அயர்ன் ஹார்வெஸ்ட்’ என்ற போர் விளையாட்டைத் தந்தவர்கள். திறமையற்றவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெயர் பழையது, கை புதியது. பழைய பெயரின் மீதுள்ள நம்பிக்கையை வைத்துப் புதிய கைக்கு முன்கூட்டியே கூலி கொடுக்கச் சொல்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

இன்னோர் உதாரணமும் உண்டு. 1999இல் அதே ரெலிக் உருவாக்கிய ‘ஹோம்வேர்ல்ட்’, வாழ்ந்த கோள் எரிந்துபோக, ஒரேயொரு பெருங்கப்பலில் பூர்வீக மண்ணைத் தேடிப் போகும் மக்களின் கதை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தவர்களுக்கு அக்கதையின் கனத்தை விளக்கத் தேவையில்லை. அதன் மூன்றாம் பாகத்தை வேறொரு நிறுவனம் கையில் எடுத்தது. அதற்காக 2019இல் இரசிகர்களிடமே பணம் திரட்டினார்கள். 2022 என்றார்கள், 2023 என்றார்கள். 2024 மே மாதத்தில்தான் வந்தது. காட்சிகள் அழகு. கதையில்தான் அந்தப் பழைய கனம் இல்லை. வாங்கியவர்களின் கருத்தும் இரண்டுபட்டே நின்றது.

செய்தித் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. வெளியீட்டுக்கு முன் வரும் ‘முன்னோட்டக்’ கட்டுரைகளை விமர்சனம் என்று எண்ணாதீர்கள். நிறுவனம் தெரிந்தெடுத்த பகுதியை, நிறுவனம் அனுமதித்த நேரத்தில் பார்த்துவிட்டு எழுதப்படுபவை அவை. அமைச்சர் வீதி திறக்கும் விழாவுக்குப் போய், வீதி நன்றாக இருக்கிறது என்று எழுதுவதற்கு ஒப்பானது இது. வீதியின் தரம் அடுத்த மாரியில்தான் தெரியும்.

“ஸ்டீமில் காசைத் திருப்பித் தருவார்களே” என்று ஒரு தம்பி வாதிட்டார். தருவார்கள். வெளிவந்த பின் பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் தருவார்கள். ஆனால் வியூக விளையாட்டின் முதல் இரண்டு மணி நேரம் எங்கே சொடுக்குவது என்று கற்பதிலேயே கழிந்துவிடும். 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைப் பிடித்தபோது யாழ்ப்பாணமே தங்கள் வசம் என்று எண்ணினார்கள். சங்கிலி மன்னன் பின்வாங்கியிருந்தானே தவிரத் தோற்றிருக்கவில்லை. இறுதியில் அவர்கள் மன்னாரோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. முதல் நாள் கணக்கை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்பதை நல்லூரார் வெளியாரிடம் கற்கவேண்டியதில்லை.

“நாம் முன்கூட்டி வாங்காவிட்டால் சிறு நிறுவனங்கள் எப்படிப் பிழைக்கும்?” என்பது அடுத்த வாதம். முதல் போடுவது வெளியீட்டாளரின் வேலை. இலாபம் வந்தால் அவருக்கு, நட்டம் வந்தால் நமக்கு என்பது என்ன வியாபாரம்? முற்பதிவுக்குப் பரிசாகத் தருகின்ற நிறம் மாற்றிய கவசமும் கூடுதல் சின்னமும் உங்கள் காசுக்கு ஈடாகா.

காசின் அளவையும் பாருங்கள். இத்தகைய பெரிய விளையாட்டு ஒன்று 60 டொலர் என்று வைத்துக்கொண்டால், டொலர் ஒன்று 300 ரூபாவாக 18,000 ரூபா. 2025 ஏப்ரலில் இலங்கையில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. இங்குள்ள ஓர் இளைஞனுக்கு அது அந்தச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வெளிநாட்டு மச்சான் அனுப்பினாலும், அது அவரது இரவு வேலையின் காசு.

விளையாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாக வந்தால் நானும் வாங்குவேன். இதே இடத்தில் பாராட்டியும் எழுதுவேன். வெளிவந்து ஒரு மாதம் போகட்டும். முழுவதும் ஆடி முடித்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கணினியில் இறக்கும் பொருள் சந்தையில் முடிந்துபோகிற மாம்பழம் அல்லவே. பிந்தி வருபவருக்கும் அது கிடைக்கும். பெரும்பாலும் குறைந்த விலைக்கே கிடைக்கும்.