மருந்துக் கழிவுநீர்: கருவி தயார், வரம்பு எங்கே?

புது தில்லி: நீரில் கலந்துள்ள ஆன்டிபயாடிக் மருந்துகளைக் குறைந்த செலவில் கண்டறியும் மின்வேதி உணர்விகளை உருவாக்கும் முயற்சியில் ஆய்வுக்கூடங்கள் பல ஈடுபட்டுள்ளன. பழைய டார்ச் பேட்டரியிலிருந்து எடுக்கப்படும் கிராஃபைட் குச்சி, தேங்காய்ச் சிரட்டைக் கரி போன்ற கழிவுப் பொருள்களைக் கொண்டே இவற்றின் மின்முனைகளைத் தயாரிக்க முடிகிறது. குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் மருந்தின் மூலக்கூறு எலக்ட்ரானை இழக்கும்போதோ ஏற்கும்போதோ பாயும் மின்னோட்டம், அம்மருந்தின் அளவைக் காட்டிவிடுகிறது.

இதன் தேவை குறித்து ஐயமில்லை. இன்றைய தெலங்கானாவில், ஹைதராபாதை அடுத்த படான்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெறும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2007-ல் முடிவை வெளியிட்டனர். அங்கிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அம்மாத்திரையை உட்கொள்ளும் நோயாளியின் ரத்தத்தில்கூட இவ்வளவு இருப்பதில்லை. அதுவும் சுத்திகரிப்புக்குப் பிறகு! இத்தகைய நீரில் பிழைத்துப் பெருகும் கிருமிகள் எந்த மருந்துக்கும் எளிதில் அடங்குவதில்லை.

ஆனால், சிக்கல் கருவியில் இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வரைவு அறிவிக்கை, ஆலைக் கழிவுநீரில் 121 ஆன்டிபயாடிக்குகளுக்கு உச்ச வரம்பு விதிக்க முன்வந்தது. தொழில்துறையினர் ஆட்சேபித்தனர். 2021 ஆகஸ்டில் வெளியான இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் காணாமல் போயின. வரம்பே இல்லாதபோது, உணர்வி காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு அதிகாரி எந்த விதி மீறப்பட்டது என்று நோட்டீஸ் அனுப்புவார்? பாலின் நிலை வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வரம்பு வகுத்திருந்ததால்தான், 2018-ல் நடத்திய ஆய்வில் 6,432 மாதிரிகளில் 77 வரம்பை மீறின என்று சொல்ல முடிந்தது.

சட்டத்திலும் ஒரு முடிச்சு உண்டு. 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, ஆலை நிர்வாகத்துக்கு அறிவிப்பு கொடுத்து மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்தில் பெற்ற முடிவே நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படும். ஆற்றங்கரையில் உணர்வி தரும் முடிவு, எங்கே மாதிரி எடுக்க வேண்டும் என்பதை மட்டுமே சுட்டிக்காட்டும். பல ரசாயனங்கள் கலந்த கழிவில் அதன் கணிப்பு பிசகவும் கூடும் என்பதால், இந்த எல்லை நியாயமானதே.

எனினும், தில்லிக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் மாநிலங்களுக்கு இல்லை. கழிவுநீர்த் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 17-வது பிரிவு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கும் அளித்திருக்கிறது.