லான்ஸ்பரிக்குச் சின்னத்திரை இறக்கம் அல்ல

மேடையில் பேர் வாங்கிய நடிகை தொலைக்காட்சித் தொடருக்கு வந்துவிட்டால், 'மார்க்கெட் போய்விட்டது' என்று பேசுவது எல்லா ஊரிலும் உண்டு. 2022 அக்டோபரில் 96 வயதில் மறைந்த ஏஞ்சலா லான்ஸ்பரியின் வாழ்க்கைக்கு முன்னால் அந்தப் பேச்சு நிற்காது. லண்டனில் பிறந்து, போர்க்காலத்தில் அமெரிக்கா சென்ற அவர், 1944-இல் வெளிவந்த 'கேஸ்லைட்' என்ற முதல் படத்திலேயே ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். ஆனாலும் ஹாலிவுட் அவருக்கு வயதுக்கு மீறிய துணை வேடங்களையே கொடுத்துவந்தது. 1962-இல் வந்த 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' படத்தில் அவருடைய மகனாக நடித்த லாரன்ஸ் ஹார்வி, அவரைவிட 3 வயதுதான் இளையவர். முப்பதுகளிலேயே அம்மா ஆக்கப்பட்டவரை நாயகி ஆக்கியது பிராட்வே நாடகமேடை. 1966-இல், 40 வயதில், 'மேம்' இசைநாடகத்தில் ஆடிப் பாடி முதல் டோனி விருதை வென்றார். 1979-இல் 'ஸ்வீனி டாட்' நாடகத்தில், மனித இறைச்சியைப் பண்டமாக்கி விற்கும் கடைக்காரி வேடம் நான்காவது டோனியைப் பெற்றுத் தந்தது.

அத்தகையவர் 1984-இல், 58 வயதில், சி.பி.எஸ். தொலைக்காட்சியின் 'மர்டர், ஷி ரோட்' தொடரில் ஜெசிகா பிளெட்சர் ஆனார். கணவரை இழந்து, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, துப்பறியும் நாவல்கள் எழுதும் பெண். ஏறக்குறைய ஒவ்வொரு கதையிலும் ஒரு கட்டம் வரும்: யாரோ போகிற போக்கில் ஒன்றைச் சொல்வார்கள், ஜெசிகாவின் பேச்சு பாதியில் நிற்கும், பார்வை ஓரிடத்தில் நிலைக்கும், கொலையாளி யாரென்று அவருக்குப் பிடிபட்டுவிடும். அந்தக் கட்டத்தில் வசனம் கிடையாது, முகம் ஒன்றுதான். அது வரப்போகிறது என்று தெரிந்தே காத்திருக்கும் ரசிகருக்கு, 12 பருவங்கள், 264 அத்தியாயங்கள் அதைச் சலிக்காமல் தந்தது மேடையில் கைவந்த தேர்ச்சி. வாரத்துக்கு 8 காட்சிகள், அதே வசனத்தை அன்றுதான் முதன்முதலாகச் சொல்வதுபோலச் சொல்லிப் பழகியவரால்தான் அது முடியும்.

தொடர் ஒரே வார்ப்பில் ஓடியது, தரமான நடிப்புக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். 12 ஆண்டும் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட அவர் வெல்லவில்லை என்பதையும் சான்றாகக் காட்டலாம். கதையின் வார்ப்பு ஒன்றுதான் என்பது உண்மை. அதனாலேயே பார்வையாளர்களைப் பிடித்துவைத்த பெருமையில் நடிப்புக்கு உரிய பங்கு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: 1983-க்குப் பிறகு 2007 வரை பிராட்வே அவரை இழந்திருந்தது. அந்த இழப்பை மறுக்க முடியாது. ஆனால் சின்னத்திரை அவருடைய கலையைத் தேய்த்துவிட்டதா? 2009-இல், 83 வயதில், 'பிளைத் ஸ்பிரிட்' நாடகத்துக்காக ஐந்தாவது டோனியை வென்றார். அதே வேடத்தை லண்டனில் ஏற்று, 2015-இல் ஆலிவியர் விருதும் பெற்றார். தேய்ந்த கலைக்கு இப்படிப்பட்ட அறுவடை கிடைக்காது.

அவர் ஓர் அபூர்வத் திறமைசாலி, விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தொடரில் தமக்கிருந்த செல்வாக்கைக் கொண்டு, வாய்ப்பின்றி இருந்த மூத்த கலைஞர்களுக்கு அவர் வேடங்கள் வாங்கிக் கொடுத்தார். நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டை அவர்கள் இழக்காமலிருக்க அந்தச் சில நாள் வேலை உதவியது. திறமை பலரிடம் இருந்தது, வாய்ப்புத்தான் இல்லை. 1995-இல் சி.பி.எஸ். அந்தத் தொடரை ஞாயிறு இரவிலிருந்து வியாழக்கிழமைக்கு மாற்றி, இளைஞர்கள் விரும்பிய 'பிரெண்ட்ஸ்' தொடரோடு மோதவிட்டது. அடுத்த ஆண்டே தொடர் முடிந்தது. வயதான பெண்ணைப் பார்க்க ஆளில்லை என்ற முடிவு நிர்வாகிகளுடையது. பத்தாண்டுக்கும் மேலாகப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நடிகை எந்தத் திரைக்குப் போனார் என்பதை வைத்து ஏற்றம் இறக்கம் பேசுவதை விட்டுவிட்டு, 60 வயதுப் பெண்ணை மையமாக வைத்துக் கதை எழுத யார் துணிகிறார்கள் என்று கேட்பதே நியாயம். 1984-இல் துணிந்தது தொலைக்காட்சி. அதற்கான மரியாதையை அதற்குத் தரத்தான் வேண்டும்.