காத்து எங்கட ஊரில, பில் மட்டும் ஏன் ஆடுது?

மன்னார் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழலுது. 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி, 103.5 மெகாவோட். ஆனா நறுவிலிக்குளம் பக்கம் வெல்டிங் கடை, மாவு மில் நடத்துறவைக்கு அந்தக் காத்தால பில் குறையேல்லை. மின்சாரம் தேசிய வலையமைப்புக்குப் போகுது; கட்டணம் நாடு முழுக்க ஒண்டுதான்.

கட்டணம் கூடினதை விட, அது நிலையில்லாமல் ஆடுறதுதான் சின்னத் தொழிலை முறிக்குது எண்டு நாங்கள் நினைக்கிறம். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் ஏறிச்சு. 100 ரூபா பில் கிட்டத்தட்ட 290! பிறகு 2024 ஜூலையில் 22.5, 2025 ஜனவரியில் 20 வீதம் இறங்கி, ஜூனில் திரும்ப 15 வீதம் ஏறிச்சு. கேற் ஒண்டுக்கு இண்டைக்கு விலை பேசி முற்பணம் வாங்கினவர், வேலை முடியேக்க கட்டணம் ஏறினா ஆரிட்டக் கேக்கிறது?

"சிக்கனமாப் பாவியுங்கோ" எண்டு அவைக்குப் புத்தி சொல்ல எங்களுக்கு மனமில்லை. மீன் கிடக்கிற குளிர்பெட்டியை நிப்பாட்ட ஏலாது.

சிறுதொழில் கட்டணத்தைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வருசத்துக்கு ஒருக்கா மட்டும் மாத்தட்டும். கூரைச் சோலாருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் கடன் குடுக்கட்டும். அதுவரை, கட்டணம் இறங்கிற மாசத்தில மிஞ்சிறதை ஒதுக்கி வைப்பம். ஏறேக்க அதுதான் கை குடுக்கும்.