மைதானம் உண்டு, உபாத்தியாயர் எங்கே?

மரக்காணத்து உப்பளங்களில் உப்பு நீரைச் சுண்ட வைப்பது சூரியன். அந்த வெயில் மனித தேகத்தை என்ன செய்யும் என்பதை உப்பளத் தொழிலாளிக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய பிள்ளை பந்தயத்துக்காகப் பள்ளி மைதானத்தில் ஓடும்பொழுது, அருகில் நிற்பவருக்கு அது தெரியுமா என்பதே நமது கேள்வி.

சட்டத்தைப் பார்ப்போம். 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் மைதானம் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளிலோ, 100 பிள்ளைகளுக்கு மேற்பட்டால்தான் தேகப் பயிற்சிக்கு ஒருவரைக் கேட்கிறது. அவரும் பகுதி நேர ஊழியர். 2012-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் அத்தகையவர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரை நாட்களுக்கு நியமித்தது. அவர்களை நாம் குறை கூறவில்லை. குறை ஏற்பாட்டைச் சேர்ந்தது. மைதானம் முழு நேரம், உபாத்தியாயர் அரை நேரம் என்பது என்ன நியாயம்?

கற்பிக்க ஸ்தாபனம் இல்லையென்றும் சொல்ல முடியாது. 1920-லேயே ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 2005-ல் இதற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு சர்வகலாசாலையும் ஏற்பட்டது.

பட்டம் மட்டும் போதுமா? போதாது. 2018-ல் அமெரிக்காவில் மேரிலாந்து சர்வகலாசாலையின் 19 வயது கால்பந்து வீரர் ஒருவர் பயிற்சியின்போது உஷ்ணத்தால் சாய்ந்தார். தகுதி பெற்ற ஊழியர்கள் அருகிலேயே இருந்தனர். ஆயினும் அவரை உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தவில்லை. பதினைந்து நாட்களில் அவர் இறந்தார். சர்வகலாசாலை பொறுப்பை ஒப்புக்கொண்டது. கற்றது கைக்கு வர, ஆண்டுதோறும் பழக வேண்டும்.

ஏழைப் பள்ளிக்கு இது ஆடம்பரம் என்பார்கள் சிலர். நிழல், ஒரு பெரிய தொட்டி, தண்ணீர், மீன்பிடி கரையில் எளிதில் கிடைக்கும் ஐஸ் இவையே தேவை. முதலில் தேகத்தைக் குளிர்வித்து, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அறிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆகையால் மைதானமுள்ள பள்ளி ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற முழு நேர உபாத்தியாயரை நியமித்து, அவருக்கு வருஷந்தோறும் முதலுதவிப் பயிற்சியும் அளிப்பது சர்க்காரின் கடமை. கோப்பைகளை எண்ணுவதற்கு முன், ஓடப் போன பிள்ளைகள் அனைவரும் வீடு திரும்பினார்களா என்று எண்ணுவோம்.