மரை கழன்ற கதை

'உங்களுக்கு மரை கழண்டுபோச்சா?' என்பாள் என் மனைவி. வடுகபட்டியில் அதை நிரூபித்தேன்.

மாமனாரின் அம்பாஸடரில் சைலன்ஸர் கிளாம்ப் லொடலொட. மறுநாள் தேனியில் மச்சினன் கல்யாணம். "நான் முடுக்கிடறேன் மாமா" என்று வீராப்பாக வண்டிக்கடியில் படுத்தேன். கையில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர். பொருந்தின மாதிரிதான் இருந்தது. ஒரே அழுத்து... போல்ட் தலை மொட்டை!

பூண்டு மார்க்கெட் பக்கத்து மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஏண்ணே, இது அரை இஞ்ச் தலை. 12.7 மில்லிமீட்டர். புள்ளி மூணுதானேன்னு நினைச்சீகளாக்கும்?"

விஷயம் இதுதான். 1992-இல் அம்பாஸடருக்கு ஜப்பானிய இஸுஸு இன்ஜின் வந்தது. அதில் எல்லாம் மில்லிமீட்டர். கீழ்ப்பாகமோ இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது, பெரும்பாலும் இஞ்ச். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்!

"அவசரத்துக்கு 8 மில்லிமீட்டர் போல்ட் போடுங்களேன்?"

"இது 5/16 நட்டு. ரெண்டு சுத்து சமர்த்தா ஏறும்ணே. அப்புறம் மரையைத் தின்னுடும். இதுல இஞ்சுக்கு 24 மரை, அதுல இருபதுதான்."

சுத்தமாகப் பொருந்தாதது ஆபத்தில்லை சார், தூக்கிப் போட்டுவிடுவோம். கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது!

முகூர்த்தத்துக்கு பஸ்ஸில் போனோம். மாமனார் வாயே திறக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் மட்டும், மாப்பிள்ளை பார்த்தபோது அளவெடுக்காமல் விட்ட வருத்தம் தெரிந்தது.